நாலாவது போர்ட்டில் பேசிய தெரு

சரி, தொண்டையக் கனைச்சாச்சு. நீங்களும் முதுகை நிமுத்தி உக்காந்தாச்சு. இப்ப என் வாயில இருந்து என்ன வரும்னு எதிர்பாக்கீயன்னு நானே சொல்லிருதேன், உங்களுக்கு எதுக்கு சிரமம். முன்வரிசை அண்ணாச்சிக்கு செத்துப்போன நடிகர் யாராச்சும் எந்திரிச்சு வந்து ரெண்டு வசனம் பேசணும். கைப்பிள்ளையோட ஓரத்துல இருக்க அக்காவுக்கு பூனையும் நாயும் சண்டை போடணும், பிள்ளை சிரிக்கணும். பின்னாடி தூண்ல சாஞ்சு நிக்க தம்பிமாருக்கு அரசியல்வாதி வேணும், நான் திட்டுனா கைதட்டணும், எவனாச்சும் என்னைத் தேடி வந்தா ஓடிறணும், அதுக்குத் தோதா வாசப் பக்கமா நிக்கீய, பாத்துட்டேன்.

ஒண்ணும் கிடையாது. இன்னைக்கு நடிகர் இல்ல, நாய் இல்ல. பேய்க்கதைன்னு நெனச்சு யாராச்சும் காலை மடக்கி வச்சிருந்தா நல்லா நீட்டிக்கோங்க, பேயும் இல்ல. இன்னைக்கு ஒரு பொட்டி. ரெண்டு செங்கல்ல அடுக்குனா எவ்வளவோ அவ்வளவு, முன்னாடி சல்லடை மாதிரி ஓட்டை, ஒரு பச்சை லைட்டு, ஒரு குமிழு, பின்னாடி ஒரு ஒயரு. மஞ்சணத்திபுரத்துல உப்புமண்டித் தெரு மொத்தத்தையும் ஒரு மாசம் வாய் வலிக்கப் பேச வச்ச பொட்டி.

மஞ்சணத்திபுரம் பேரூராட்சி ஆபீஸ் அந்தத் தெருவுல மாடியில இருக்கு. கீழ செய்யது பாய் டீக்கடை. பாய் கடை பாய்லருக்கு நேர் மேல ஒரு ஜன்னல், அதனால எங்க ஊர்ல இருந்து போற அரசாங்க லெட்டரு எல்லாம் இஞ்சி மணக்கும். அந்த ஜன்னலுக்குப் பின்னாடிதான் சந்தனக்கனி இருப்பா. டைப்பிஸ்டு, தற்காலிகம். பிறந்ததுல இருந்தே கண்ணு கிடையாது, ஆனா டைப்பிங்ல ஹையர் பாஸு, அவ விரலு மெஷின்ல ஓடுதப்ப கேட்டா தகரக் கூரையில சரஞ்சரமா மழை விழுதாப்புல இருக்கும். அடிக்கது அவ அடிச்சிருவா. வந்த லெட்டரை அவளுக்குப் படிச்சுச் சொல்ல ஒரு ஆளு வேணும்லா? அந்த ஆளு நானு. பலகுரல் நயினார். கோயில் கொடைத் திருவிழா சீசன் போக மீதி எட்டு மாசமும் எனக்கு வேலை கிடையாது, இருக்கது அண்ணன் வீட்டு மாடியறை, அங்க நான் வாயத் தொறந்தா மதினி டிவி சத்தத்தைக் கூட்டிருவாவ.

லெட்டரை நான் சும்மா படிக்க மாட்டேன். வீட்டு வரி கட்டாதவன் எழுதுனதுன்னா சோத்துக்கு வழியில்லாதவன் மாதிரி இழுத்துப் படிப்பேன், மேலிடத்து லெட்டர்னா மூக்கால படிப்பேன், தண்ணி வரலன்னு எழுதுன அம்மான்னா காலிக் கொடத்தை இடுப்புல வச்சுக்கிட்டுப் படிப்பேன். கனி விழுந்து விழுந்து சிரிப்பா. சிரிச்சுட்டு சொல்லுவா: "அண்ணாச்சி, இந்த ஆளுக்கு மூக்கடைப்பு இருக்கணும், நீங்க விட்டுட்டீய." திரும்பப் படிச்சா மூக்கடைப்போடதான் அந்த லெட்டரு சரியா இருக்கும். முப்பது வருசமா மேடையேறுதேன், கைதட்டுனவன் லட்சம் பேரு, தப்பைப் பிடிச்சவ அவ ஒருத்திதான். ரெண்டு வருசம் தினமும் பத்தரைக்கு அந்த மாடிப்படி ஏறுனேன். சம்பளமா? பாய் கடை டீ. போதும்லா.

அப்பதான் மேல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. டைப் மெஷின் எல்லாம் இனி கிடையாது, கம்ப்யூட்டர்தான், லெட்டரும் இனி அதுலயே வரும். கனிக்குன்னு தனியா ரெண்டு சாமான். ஒண்ணு ஸ்கிரீன் ரீடர், அது கம்ப்யூட்டருக்குள்ள இருந்துக்கிட்டுத் திரையில உள்ள எழுத்தை ஒண்ணுவிடாம பொறுக்கி அனுப்பும். இன்னொண்ணு இந்தப் பொட்டி, அனுப்புனதை வாங்கிப் பேசும். பொறுக்குததுக்கு ஒரு ஆளு, பேசுததுக்கு ஒரு ஆளு, அவ்வளவுதான் கணக்கு. ஒரு மாசம் டயம். மாசக் கடைசியில ஒரு அதிகாரி வருவாரு, அவரு தார லெட்டரை கனி யாரு கண்ணையும் கடன் வாங்காம, தானே கேட்டுத் தானே பதில் அடிக்கணும். அடிச்சா வேலை நிரந்தரம். இல்லன்னா அந்த மாசத்தோட வீட்டுக்கு.

பொட்டியைக் கொண்டுவந்த டெக்னீசியனுக்கு மூணு மணிக்கு பஸ்ஸு. ஒயரை மாட்டுனான், சிடியைப் போட்டான், மணியைப் பாத்தான். "இனி செட்டிங்தான். திரையில கேக்கும், பாத்துப் பாத்து போட்டுக்கோங்க, அப்புறம் அதுவே பேசிரும்" அப்பிடின்னான். இதுல ஒரு கூத்தைக் கவனிச்சீயளா? கண்ணில்லாதவளுக்குப் படிச்சுச் சொல்லத்தான் அந்தப் பொட்டி. அது பேசணும்னா முதல்ல கண்ணுள்ளவன் ஒருத்தன் திரையைப் படிக்கணும். ஆக, நான் உக்காந்தேன். பொட்டி இப்பிடித்தான் பேசும்னு நானே முடிவு பண்ணி, வெங்கலப் பானைக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசுத மாதிரி ஒவ்வொரு எழுத்தா படிச்சேன். எந்தக் கம்பெனி பொட்டி? போட்டாச்சு. வேகம்? அஞ்சு. குரல் உயரம்? அஞ்சு. எந்த போர்ட்? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கனி சிரிச்சுக்கிட்டே "போர்ட்டுன்னா ஒயரு மாட்டிருக்க வாசல் அண்ணாச்சி, பின்னாடி பாருங்க"ன்னா. பாத்தேன். பின்னாடி வாசல் ரெண்டுதான் இருக்கு, பட்டியல்ல நாலு இருக்கு. கடைசியா வந்ததுதான புது மாடலா இருக்கும்னு நாலைப் போட்டு அமுக்கிட்டேன்.

பொட்டியில பச்சை லைட்டு எரிஞ்சுது. சத்தத்தைக் காணும்.

கீழ டீ ஆத்திக்கிட்டிருந்த செய்யது பாய், கையை ஒசத்துன மேனிக்கு, ஒரு சொட்டு சிந்தாம, ஜன்னலை அண்ணாந்து பாக்காம, "ஸ்கிரீன் ரீடர் ரெடி" அப்பிடின்னாரு.

கனி விரலை எடுத்தா. வச்சா. கே எழுத்தை அமுக்குனா. கீழ பாய் "கே"ன்னாரு. ஷிப்டைப் பிடிச்சுக்கிட்டு அமுக்குனா. "கேப்பிட்டல் கே"ன்னாரு. பாய் படிச்சது மூணாங்கிளாஸு, அதும் தமிழ். டீயை கிளாஸ்ல ஊத்தி எதுக்க நின்னவன்ட்ட நீட்டிட்டு, "நான் இப்ப என்னமோ சொன்னேன்லா?"ன்னு கேட்டாரு.

"இங்கிலீஷ் சொன்னீங்க பாய்."

"நல்லா சொன்னேனா?"

"நல்லாத்தான் சொன்னீங்க."

"சரி, உமக்கு சீனி போதுமா?" அவ்வளவுதான். அதுக்கு மேல அவரு அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல.

அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அது யார் யார் வாயில எல்லாம் ஏறும்னு தெருவுக்கே பிடிபட்டுப் போச்சு. ஜன்னலுக்குக் கிட்ட எவன் நிக்கானோ அவன் வாயில ஏறும், அவன் நகந்தா அடுத்தவன் வாய்க்குத் தாவும், ஒரே நேரத்துல ரெண்டு வாயில ஏறாது, வெத்தல போட்டிருந்தா துப்புத வரைக்கும் மரியாதையா காத்திருக்கும். வலிக்காது, கூசாது. தும்மல் வாரதுக்கு முன்னாடி மூக்குல ஒரு நமநமப்பு இருக்கும்லா, அது மாதிரி ஒதட்டுல இருக்கும், வாய் தானா தொறக்கும், டியர் சார் கமா, வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர், அப்பிடின்னு போகும், முடிஞ்சதும் அவனவன் விட்ட பேச்சை விட்ட எடத்துல பிடிச்சுக்கிடுவான். மேல கனி காதை ஜன்னல் பக்கம் சாச்சு வச்சுக்கிட்டு, கீழ தெரு படிக்கதைக் கேட்டு அடிப்பா.

ஏன் வந்துச்சு, எப்பிடி வந்துச்சுன்னு யாரும் கேக்கல. எங்க ஊர்ல குழாயில ஏன் தண்ணி வரலன்னு இருபது வருசமா கேட்டு பதில் வராததுனால, வார எதையும் ஏன்னு கேக்க பழக்கம் விட்டுப் போச்சு. கேட்டதெல்லாம், யாருக்கு எப்ப முறை? அதுதான். அதுக்கு பாய் கடையில ஒரு சிலேட்டைத் தொங்க விட்டாவ. காலையில பாய், பதினோரு மணிக்கு மீன்கார சவரியம்மா, மத்தியானம் தையக்கடைக்காரரு, மூணுக்கு மேல யாரு சும்மா இருக்காவளோ அவங்க. முறைக்காரரு ஜன்னலுக்கடியில நாக்காலி போட்டு உக்காரணும், மத்தவங்க நாலு எட்டு தள்ளி நடக்கணும். சிலேட்டைப் பாத்து ஆளைக் கூட்டியாரது, "பாய் தொழப் போயிட்டாரு, சவரியம்மா வா"ன்னு சத்தங்கொடுக்கது, மேல ஓடி கனிட்ட "ஆளு மாறுது, ஒரு நிமிசம் நிறுத்து"ன்னு சொல்லுதது, எல்லாம் என் பொறுப்பு. லெட்டரு படிச்ச காலத்துல மாடிப்படியை ஒரு தடவை ஏறுனவன், இப்ப நாப்பது தடவை ஏறி எறங்குதேன். கால்ல சக்கரம். நிக்க முடியல, உக்காந்தா இருப்புக் கொள்ளல. தெருவும் அப்பிடித்தான், முறை இல்லாதவன்கூட ஒதட்டைத் தடவிக்கிட்டே அலைவான், வந்துருமோன்னு ஒரு பயம், வராம போயிருமோன்னு அதைவிட பெரிய பயம்.

கொறைப்பாடு இல்லாம இருக்குமா. மொதல்ல ஏறி வந்தது சவரியம்மா. மீன் கூடையை வாசல்ல வச்சுட்டு, "ஏட்டி கனி, படிக்கதெல்லாம் படிக்கேன், எனக்கு அந்தக் கமா வேண்டாம்ட்டி. சாளை என்ன வெலைன்னு ஒருத்தன் கேக்கான், நான் கமாங்கேன். அவன் அது ஏதோ புது மீனுன்னு நெனச்சு, அரைக் கிலோ போடுங்கான்" அப்பிடின்னா. கனி செட்டிங்ல போயி கமா, புள்ளி, கோடு எல்லாத்தையும் அமத்துனா. மறுநாள் தையக்கடைக்காரரு வந்தாரு, "கனிம்மா, குரலைக் கொஞ்சம் எறக்கு, நான் பேசுனா என் கொழுந்தியா பேசுத மாதிரி இருக்குன்னு வீட்ல ஒரு மாதிரி பாக்காவ." குரல் உயரத்தை மூணாக்குனா. அதுக்கடுத்து பாய், "வேகம் சாஸ்தி தாயி, தாடை கழண்டுரும் போல இருக்கு." வேகத்தைக் கொறைச்சா. இப்பிடி ஆளாளுக்கு வந்து சொல்லச் சொல்ல, அந்த செட்டிங் பட்டியல்ல மேலயும் கீழயும் போயிப் போயி, எது எங்க இருக்குன்னு அவ விரலுக்கு மனப்பாடம் ஆகிப்போச்சு. நான் அதைப் பெருமையாத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

இதுல ஒரு கல்யாணமும் நின்னுச்சு. எதுத்த வீட்டு லோகநாதன் மகளைப் பொண்ணு பாக்க வந்திருந்தாவ. முறைக்காரரு ஒண்ணுக்குப் போன நேரம், சனியன், லோகநாதன் வெத்தலத் தட்டோட வாசலுக்கு வந்தாரு. மாப்பிள்ளையோட தாய்மாமன் "அப்ப, பொண்ணைத் தர உங்களுக்கு சம்மதம்தான?"ன்னு கேட்டாரு. மேல கனி ஏதோ ஒண்ணை தப்பா அடிச்சு அழிக்கப் போனா போல. லோகநாதன் நல்ல கணீர்னு, "ஆர் யூ ஷுர்? யெஸ், நோ, கேன்சல்" அப்பிடின்னாரு. அவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாவ. கனி பட்டனுக்குப் பட்டன் நகந்தா. லோகநாதன் "யெஸ்"ன்னாரு, "நோ"ன்னாரு, கடைசியில "கேன்சல்" அப்பிடின்னு சொல்லி வாயை மூடிக்கிட்டாரு. வந்தவங்க வண்டி ஏறிட்டாவ. லோகநாதன் ஆபீஸுக்கு சண்டைக்குக் கெளம்புனாரு, ஆனா மகள் அவருக்கு முந்தி மாடியேறி வந்து, கனி கையில ஒரு மொழம் பிச்சிப்பூவை வச்சு, "ரொம்ப தேங்க்ஸ்க்கா"ன்னு காதுல சொல்லிட்டுப் போயிட்டா. சண்டைக்கு வந்தவரு, வந்ததுக்கு ஒரு டீ குடிச்சுட்டு தன் பேரையும் சிலேட்ல எழுதிட்டுப் போனாரு.

கொதிச்சது பெரிய கிளார்க்கு ஒருத்தருதான். "அரசாங்க ரகசியம்வே! ஆபீஸ் லெட்டரை மீன்காரி படிக்கா, தெருவே கேக்குது!" நியாயம்தான். எவன் வீட்டு பிளான் எத்தனை மாசமா மேசைக்கடியில கெடக்கு, தெருவிளக்குக்கு வந்த சாமான் எங்க போச்சு, எல்லாம் சவரியம்மா வாயால வந்துட்டு இருந்துச்சு. அவளுக்கு அர்த்தம் தெரியாது, ஆனா தெருவுல ரெண்டு ரிட்டயர்டு வாத்தியாருமாரு உண்டு, தமிழ்ல எடுத்து விட்டிருவாவ. ஒரு வாரம் கிளார்க்கு தவியா தவிச்சாரு. அப்புறம் வேற வழியில்லாம வந்த மனுவுக்கு அன்னைக்கே பதில் போட ஆரம்பிச்சுட்டாரு. ஒம்பது வருசமா எரியாத விளக்கு ரெண்டு எரிஞ்சுது. அதுக்கப்புறம் கனி வேலை, தெரு வேலை ஆகிப்போச்சு. கோயிலுக்குப் போனா அவ பேருக்கும் சேத்து அர்ச்சனை பண்ணுனாவ, பாய் பள்ளிவாசல்ல துவா கேட்டாரு, சவரியம்மா மெழுகுதிரி கொளுத்துனா. பரீட்சையில பிள்ளை ஜெயிக்கணும்.

ஆனா ஒண்ணைச் சொல்லியாகணும். தெருவுல எல்லாரு வாயிலயும் ஏறுன அது, என் வாயில மட்டும் ஏறல.

நான் ஜன்னலுக்கு நேர் கீழ நிப்பேன், வாயை லேசா தொறந்து வச்சுக்கிட்டு. ஏறாது. என்னைத் தாண்டி, அந்தப் பக்கம் சைக்கிள்ல போறவன் வாயில ஏறும். ஒரு நாளு மத்த எல்லாரையும் தெருமுனைக்கு அனுப்பிட்டு ஒத்தையில நின்னு பாத்தேன். ஏறலியே. முனையில நின்னு லோகநாதன் கத்துதாரு, "யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி"ன்னு. முப்பது வருசமா குரலை வச்சுப் பொழைக்கவன் நானு, மூணாங்கிளாஸ் படிச்ச பாய்க்கு அமைஞ்சது எனக்கு அமையல. பாய்ட்ட பொலம்புனேன். அவரு கிளாஸைக் கழுவிக்கிட்டே, "வே நயினாரு, உம்ம வாயில ஏற்கனவே ஆயிரம் பேரு குடியிருக்கான். அது எட்டிப் பாத்திருக்கும், எடமில்லன்னு போயிருக்கும்"ன்னாரு. கடை முழுக்க சிரிச்சுது. நானும் சிரிச்சேன், பாய் குரல்லயே சிரிச்சேன். கை தட்டுனாவ.

இப்ப கொஞ்சம் கிட்ட வாங்க. இதை நான் மேடையில சொன்னது இல்ல.

ரெண்டாவது வாரம் ஒரு மத்தியானம், கனி கைகழுவப் போயிருந்தா. நான் சும்மா இருக்காம அந்த செட்டிங்குக்குள்ள போனேன். நாலுல இருந்ததை ஒண்ணாக்குனேன். பொட்டி பேசிருச்சு. "ஸ்கிரீன் ரீடர் ரெடி." வெங்கலப் பானைக்குள்ள தலைய விட்ட குரலு, நான் மொதநாள் பேசுனேன்லா, அச்சு அசல் அதுதான். கீழ பாய் தன்பாட்டுக்கு டீ ஆத்துதாரு, அவரு வாய் மூடியிருக்கு. அவ்வளவுதான் விசயம். ஒரே ஒரு எண்ணு. ஒயரு இருக்க வாசலைச் சொன்னா பொட்டி பேசும், இல்லாத வாசலைச் சொன்னா தெரு பேசும். கனி இனி எவன் வாயையும் எதிர்பாக்க வேண்டாம். பரீட்சையை ஊதித் தள்ளிரலாம்.

பொட்டி பேசிருச்சுன்னா சிலேட்டு எதுக்கு? ஆளு மாத்துதது எதுக்கு? பத்தரைக்கு நான் அந்தப் படியை எதுக்கு ஏறணும்? ஏறி வந்து "என்ன கனிம்மா"ன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சொல்லுங்க"ன்னு சொல்லுவா. அந்த 'சொல்லுங்க'வுக்கு நான் என்னத்தைச் சொல்ல? அவ கை கழுவிட்டு வார சத்தம் கேட்டுச்சு. திரும்ப நாலாக்கிட்டேன்.

திட்டுங்க. திட்டிட்டுக் கேளுங்க. பரீட்சை அன்னைக்குக் காலையில நானே ஒண்ணாக்கிரணும்னு மனசுக்குள்ள சத்தியம் பண்ணிக்கிட்டேன். அதுவரைக்கும் ஒரு பதினஞ்சு நாளு. பதினஞ்சே நாளு. அந்தப் பதினஞ்சு நாளும் கனி முன்னாடியைவிட ரெண்டு மடங்கு லெட்டரு அடிச்சா, பெரிய கிளார்க்கே அசந்துபோனாரு. அது என் வரிசை நிர்வாகத்தோட தெறமைன்னு நான் ஊர் முழுக்க சொல்லிக்கிட்டிருந்தேன். ராத்திரி படுத்தா ஒறக்கம் வராது, பகல்ல ஒரு எடத்துல கால் தரிக்காது, கனி "என்ன அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் ஆட்டாம இருங்களேன், மேசை ஆடுது"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டா.

பரீட்சை அன்னைக்கு, பதினோரு மணின்னு சொன்ன அதிகாரி பத்து மணிக்கே வந்துட்டாரு.

நான் குளிச்சு, மடிப்பு வேட்டி கட்டி, பத்தேகாலுக்குப் படியேறுனா, அவரு கனி அறையில உக்காந்து கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டிருக்காரு. ஒல்லியான மனுசன், சிரிக்காத வாயி. கனி மடியில கையை வச்சு நேரா இருக்கா. நான் உள்ள நொழஞ்சு, "சார், கீபோர்டுல தூசி, தொடைச்சுக் கொடுத்திருதேன், ஒரே நிமிசம்"ன்னு கையை நீட்டுனேன்.

"நீங்க யாரு?"

"நான் இங்க... நான் கூடமாட..."

"கூடமாட யாரும் இருக்கக் கூடாதுங்கதுதான் பரீட்சையே. வெளிய போங்க. போகும்போது ஜன்னலைச் சாத்திட்டுப் போங்க."

சாத்துனேன். சாத்துதப்ப கீழ பாத்தேன். தெருவே நிக்குது. பாய் பாய்லரை அமத்திட்டாரு, நீராவிச் சத்தம் எடைஞ்சல் பண்ணிரக்கூடாதுன்னு. சவரியம்மா வெத்தலையைத் துப்பிட்டு வாயைக் கொப்பளிச்சு நாக்காலியில உக்காந்திருக்கா. எல்லாரும் வாயை மூடி, தொண்டையை சரிபண்ணி, கண்ணை மேல வச்சு நிக்காவ. கல்லுல அடிச்ச செலை மாதிரி, யாருக்கு வந்தாலும் தயாரா. ஜன்னல் கதவு சாத்துனதும் அவங்க மூஞ்சி எல்லாம் மறைஞ்சு போச்சு.

வெளி வராந்தாவுல பெஞ்சு ஒண்ணு. அதுல உலகம்மாள்னு ஒருத்தி, பக்கத்து ஊர்க்காரி, மகன் பிறப்புச் சர்டிபிகேட்ல தகப்பன் பேரைத் தப்பா எழுதிட்டாவன்னு அதை மாத்த பன்னெண்டு நாளா வந்து காத்துக் கெடக்கா. அவ பக்கத்துல உக்காந்தேன். எந்திரிச்சேன். நடந்தேன். கதவுல காதை வச்சேன். என் புத்தி எப்பிடி ஓடுது பாருங்க: இப்ப அது நாலுல இருக்கு. ஜன்னல் அடைச்சாச்சு. கிட்ட இருக்க வாயி அதிகாரி வாயி. பரீட்சை லெட்டரை அந்த மனுசன் வாயே படிச்சிருச்சுன்னா? அவரு அலறிக்கிட்டு எந்திரிச்சு, கையெழுத்தைப் போட்டு, கனியை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாரு. முப்பத்தொரு வயசுப் பொம்பளை, அந்த விரலை வச்சுக்கிட்டு எங்க போவா? எல்லாம் எதுக்கு? நான் படியேறணும்னு.

கதவைத் தட்டி, "சார், தப்பு என்னுது"ன்னு சொல்லிரணும்னு கையை ஓங்குனேன். சத்தியமா ஓங்குனேன்.

உள்ள ஒரு சத்தம். "டியர் சார் கமா."

அதிகாரி குரலு இல்ல. வெங்கலப் பானை. சவரியம்மாவுக்காக அமத்துன கமாவும் திரும்ப வந்திருக்கு.

ஓங்குன கை அங்ஙனயே நிக்குது. பொட்டி பேசுது, கனி அடிக்கா. பொட்டி பேசுது, கனி அடிக்கா. தகரக் கூரையில மழை விழுது. நேத்து சாயங்காலம் நாலுலதான் இருந்துச்சு, என் கண்ணால பாத்துட்டுத்தான் எறங்குனேன். யாரு மாத்துனா? தெரியல. அந்த நேரத்துல தெரிஞ்சுக்கவும் தோணல. இருபது நிமிசத்துல கதவு தொறந்துச்சு. அதிகாரி கையில ஒரு தாளு, அதைப் பாத்துக்கிட்டே வாராரு, அந்த சிரிக்காத வாயில ஒரு ஓரமா சிரிப்பு. "ஒரு தப்புக்கூட இல்ல. நான் பாத்த ஏழு ஊர்ல இந்தப் பொட்டியை ஒழுங்கா பேச வச்சது இங்கதான். யாரு செட் பண்ணது?"

அதுக்குள்ள தெரு மாடிக்கு வந்திருச்சு. வராந்தாவுல நிக்க எடமில்ல. பாய்தான் மொதல்ல சொன்னாரு, "வேற யாரு சார், எங்க நயினாருதான். ஒரு மாசமா ஏறி எறங்கி கால் தேஞ்ச மனுசன்." ஆமா ஆமான்னு ஒரே கொரலு. அதிகாரி திரும்பி கனியைப் பாத்தாரு. கனி கதவு நெலையைப் பிடிச்சு நின்னுக்கிட்டிருந்தா. நான் நின்ன பக்கமா மூஞ்சியைத் திருப்புனா. அப்புறம், "ஆமா சார், அண்ணாச்சிதான்" அப்பிடின்னா.

நான் இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. லோகநாதன் தோள்ல கெடந்த துண்டை எடுத்து எனக்குப் போத்துனாரு. அதிகாரி என் கையைப் பிடிச்சுக் குலுக்குனாரு. கை தட்டுதாவ. எனக்குத்தான் கைதட்டு விழுந்தா சும்மா இருக்கத் தெரியாதே, தொண்டையைக் கனைச்சேன், துண்டை சரி பண்ணுனேன், வெங்கலப் பானைக்குள்ள தலையை விட்டேன்: "ஸ்கிரீன், ரீடர், ரெடி. நன்றி, கமா, வணக்கம், ஃபுல் ஸ்டாப்." வராந்தா அதிருது. சவரியம்மா கண்ணுல தண்ணி வரச் சிரிக்கா.

பெஞ்சுல இருந்து உலகம்மாள் எந்திரிச்சா.

"எய்யா, கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு ஒரு மணிக்கு பஸ்ஸு, என் தாளை யாரும் கேக்கக் காணும், இவருக்கு துண்டு போத்துதீய. இவரு எங்க செட் பண்ணுனாரு? பன்னெண்டு நாளா ஒம்பது மணிக்கே நான் இந்த பெஞ்சில வந்து உக்காருதேன். அந்த நேரத்துல அந்தப் பொட்டி கணகணன்னு பேசிக்கிட்டு இருக்கும், இந்தப் பிள்ளை ஜன்னலைச் சாத்திக்கிட்டு ஒத்தையில இருந்து அம்புட்டு லெட்டரையும் அடிச்சு முடிச்சிரும். படியில இவரு செருப்புச் சத்தம் கேட்டதும் என்னத்தையோ அமுக்கி அதை ஊமையாக்கிரும். நல்லாத்தான பேசுது, எதுக்குட்டி அமத்துதன்னு நானே கேட்டேன். 'அந்த அண்ணாச்சிக்குப் போறதுக்கு வேற எடம் இல்லக்கா, பாவம், வந்துட்டுப் போட்டும்'னு இந்தப் பிள்ளைதான சொல்லிச்சு!"